கம்பளிக் கொட்டகையில் கலைவிழா

டாஸ்மேனியாவின் வடக்கே இருக்கும் எங்கள் சிற்றூரின் கலைவிழாவுக்கு அந்த வருஷம் அரசு மானியம் கிடைக்கவில்லை. பொருளாளர் நோரீன் குழுக்கூட்டத்தில் நிலைமையை ஒளிக்காமல் சொன்னாள்.

"கையில ஒன்பதாயிரம் டாலர்தான் இருக்கு. பந்தல் வாடகையே ஏழாயிரம். அதைக் குடுத்துட்டா பாட வர்றவங்களுக்கு என்னத்தக் குடுக்கிறது?"

"ஓசியில பாடச் சொல்லுவோம்," என்றார் தலைவர் டெஸ்மண்ட்.

"நீங்க ஓசியில மாட்டுக்கு வைத்தியம் பாப்பீங்களா?"

கால்நடை மருத்துவரான டெஸ்மண்ட் அந்த யோசனையைக் குறிப்பேட்டில் அடித்துவிட்டார்.

மறுநாள் நோரீன், கிளைவ் ஹோஸ்கிங்கின் பண்ணைக்குப் போனாள். ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கும் பெரிய கொட்டகை அவருடையது. விழாச் சத்தம் தாங்கவில்லை என்று வருஷம் தவறாமல் புகார் எழுதுபவரும் அவர்தான்.

"வாடகை தர வழியில்ல, கிளைவ். கொட்டகையை ரெண்டு நாளைக்கு விடுவீங்களா?"

"பதினோரு வருஷத்துல ஒருத்தராவது என்னைக் கூப்பிட்டீங்களா? தூரத்துலேர்ந்து கேட்டா எல்லாம் இரைச்சல்தான். முன்வரிசையில எனக்கொரு நாற்காலி போடு, தர்றேன்."

இத்தனை வருஷமாக அது தனக்குத் தோன்றாததில் நோரீனுக்கு வெட்கமாக இருந்தது.

விழாவுக்கு முந்நூறு பேர் வந்து கம்பளி மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார்கள். கிளைவ் இரண்டு நாளும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கலைஞர்களுக்குப் பேசிய தொகை முழுசாகப் போய்ச் சேர்ந்தது. செலவெல்லாம் போக ஆறாயிரம் டாலர் மிஞ்சியது.

"அடுத்த வருஷம் பெரிய மேடையா போட்டுடலாமா?" என்றார் டெஸ்மண்ட்.

"ஆசையப் பாரு! இது மானியம் வராத வருஷத்துக்கு."

பணத்தை வங்கியில் தனிக்கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த நோரீன், அன்று மதியம் அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள்.