பேருக்கு ஒரு லைப்ரரியன்

சங்கரன்கோவில் ஜவுளிக்கடையில் பில் போடும் இசக்கிசெல்வி நூலக அறிவியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவள் என்றால் கடையில் யாரும் நம்ப மாட்டார்கள். படித்த படிப்புக்கு வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் கடைச் சம்பளத்தில் பாதிதான் பேசினார்கள். பாதியை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளை எப்படி வளர்ப்பது?

ஊருக்கு வெளியே வந்த புதுக் கல்லூரிக்கோ, பட்டம் பெற்ற நூலகர் இல்லாமல் அங்கீகாரம் கிடையாது. ஆள் வேண்டும், ஆனால் காசை அவிழ்க்க மனசு வராது. கல்லூரி மேனேஜர் செல்லச்சாமி அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்.

"நீ தினமும் வர வேண்டாம்மா. கடை வேலையை விடவும் வேண்டாம். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் குடுத்துட்டுப் போ, இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு மட்டும் வந்து உக்காரு. மாசாமாசம் ஏதாவது தாரோம். பேருக்குத்தானே!"

"நெசமாவே வேலைக்கு வாரேன் அண்ணாச்சி. கடைல தாரதைத் தந்தாப் போதும்."

"அது நமக்குக் கட்டுபடியாகாதும்மா."

ஒப்புக்கொண்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு நாளாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் ஆசை வெட்கத்தை விழுங்கிவிட்டது.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று அலமாரி கொள்ளாத புத்தகங்கள். வந்த பெரிய மனிதர்கள் அவளுடைய பட்டத்தைப் பார்த்தார்கள், அலமாரியைப் பார்த்தார்கள், முந்திரிப் பருப்பைத் தின்றுவிட்டுக் கிளம்பினார்கள்.

அதன் பிறகு ஒரு பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். முத்துமாரி, முதல் வருஷம், ஊர் குருவிகுளம். கையில் கனமான ஒரு கணிதப் புத்தகம்.

"மேடம், லைப்ரரி தொறந்து இன்னைக்குத்தான் பாக்கேன். இதை வீட்டுக்குக் கொண்டு போலாமா?"

இசக்கிசெல்விக்குக் கண் கலங்கியது. படித்து முடித்த இத்தனை வருஷத்தில் அவளிடம் புத்தகம் கேட்ட முதல் ஆள் இவள்தான்.

"கொண்டு போ மக்கா. நிதானமாப் படிச்சுட்டுக் கொண்டா."

சாயங்காலம் வாசலில் வேன் வந்து நின்றது. ஆட்கள் புத்தகங்களைக் கட்டுக் கட்டாக ஏற்றினார்கள். எல்லாம் வேறொரு கல்லூரியிலிருந்து ஒரு நாளைக்கு வாங்கி வந்தவை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒன்று குறைந்தது.

"யாரும்மா உன்னை எடுத்துக் குடுக்கச் சொன்னா?" செல்லச்சாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "போய் வாங்கிட்டு வா. உன் ஒரிஜினல் எங்ககிட்டதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

பஸ் ஸ்டாப்பில் முத்துமாரி நின்றபடியே படித்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் மறுபேச்சில்லாமல் நீட்டினாள்.

"நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா மேடம்?"

"இல்ல மக்கா."

"அப்போ நாளைக்கு லைப்ரரிக்கு வந்து வாங்கிக்கிடவா? நீங்க இருப்பீங்கல்லா?"

இசக்கிசெல்வி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நான் லைப்ரரியன் இல்ல மக்கா," என்றாள்.