நமுத்த பிஸ்கட்

பிஸ்கட் நன்றாக வந்திருக்கிறதா என்பதை வெள்ளைக்காரத் துரைசாணி நாக்கால் பார்ப்பதில்லை, காதால்தான் பார்ப்பாள். தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் காதோரம் கொண்டுபோய் ஒடிப்பாள். படக்கென்று சத்தம் வந்தால் முகம் மலரும். வராவிட்டால் அன்றைக்குச் சமையல் நடக்கும் குசினியில் யாராவது ஒருத்தர் தொலைந்தார்கள். அந்த மலையில் மார்கழி மூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். சும்மா வைத்த உப்பே கசிந்து ஓடும். இதெல்லாம் அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நமுத்த பிஸ்கட்டை அவள் மன்னித்ததே கிடையாது.

பூரணியின் கெட்ட காலம், அவள் சுட்ட பிஸ்கட் ஒவ்வொரு தடவையும் படக்கென்று ஒடிந்தது.

இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள். பங்களாவில் சமைத்துக்கொண்டிருந்த கிழ அப்பு காய்ச்சலில் விழுந்தபோது, பாத்திரம் கழுவ ஆள் வேண்டுமென்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்றவளைக் கைகாட்டி அனுப்பிவைத்தார் கணக்கப்பிள்ளை. "ரெண்டு வாரந்தான் புள்ள" என்றார். அப்பு தேறினாலும் பழைய தெம்பு வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அவளுக்குச் சொல்லிச்சொல்லிச் செய்யவைத்தார். பாத்திரம் கழுவ வந்தவள் கிழங்கு சீவினாள். சீவியவள் சூப் வைத்தாள். சூப் வைத்தவள் புடிங், கேக், பிஸ்கட் என்று போய்விட்டாள். அப்பு ஊருக்குக் கப்பலேறிய அன்றே குசினி முழுதும் அவள் தலையில் விழுந்தது. கற்றுக்கொண்டது அவள் செய்த தப்பு. கொஞ்சம் மக்காக இருந்திருந்தால் என்றைக்கோ கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பியிருப்பாள்.

விடியுமுன்னே துரைக்குத் தேத்தண்ணி போக வேண்டும் என்பதால் குசினிக்காரி பங்களாவுக்குப் பின்னாலிருக்கும் அறையில்தான் படுக்க வேண்டும். அது சட்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்தால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கலாம், பொழுது சாய்வதற்குள் ஏறிவிட வேண்டும். லயத்தில் அவளுடைய மகள் பேச்சி இருந்தாள். பால் மறந்த கையோடு விட்டுவந்த பிள்ளை. புருஷன் அழகுமுத்துவின் அக்கா ராசம்மாதான் எடுத்து வளர்த்தாள். நல்ல மனுஷி. அதிலும் குறை சொல்ல வழியில்லாமல் போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை பீலிக்கரையில் பேச்சி வழுக்கி விழுந்துவிட்டாள். முழங்காலில் சிராய்ப்பு. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பூரணி குடத்தைப் போட்டுவிட்டு, "வாடா கண்ணு" என்று இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளை எழுந்து அழுதுகொண்டே ஓடிவந்தது. வந்த வேகத்தில் அவள் கையைத் தாண்டிப் போய், பின்னால் நின்ற ராசம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"அம்மாகிட்ட போ புள்ள" என்று ராசம்மா பிரித்துவிடப் பார்த்தாள். பிள்ளை இன்னும் இறுக்கிக்கொண்டது. ராசம்மாவுக்கே கண் கலங்கிவிட்டது. "நான் ஒண்ணுஞ் சொல்லிக் குடுக்கல பூரணி, சத்தியமா."

"தெரியும் மதினி" என்றாள் பூரணி. தெரிந்து என்ன செய்ய? நீட்டிய கை அப்படியே நின்றது, அதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று ஏற்றத்தில் பாதி வழி வரை கூட வந்தான் அழகுமுத்து. "இன்னுங் கொஞ்ச நாள் போனா அது என்னைய யாருன்னு கேக்கும்" என்றாள் பூரணி.

"தொரசாணிகிட்ட கேட்டுப் பாரேன்."

"கேக்காமயா இருக்கேன்?"

எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது. துரைசாணிக்குத் தெரிந்த தமிழ் குசினிக்குப் போதுமான தமிழ். "நீ போனா பிஸ்கட் யார் போடும்? நீ நல்ல பூரணி. போக வேணாம்" என்று சிரித்தபடியே சொல்லி, அவள் தோளில் தட்டிவிட்டுப் போய்விடுவாள். கோபித்திருந்தாலாவது மனதுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சொல்லாமல் இறங்கிப் போகலாமென்றால் வேலையாட்கள் பேரெழுதும் செக்ரோலில் பேரை வெட்டிவிடுவார்கள். அவள் பேரோடு அழகுமுத்து பேரும் போகும், பேர் போனால் குடியிருக்கும் காம்பராவும் போகும். பிரஜாவுரிமையும் பறிபோன சனம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எந்த மலையில் போய் நிற்பது?

அழகுமுத்து சட்டென்று நின்றான். "ஆண்டியப்பன் எப்புடி வந்தான்?"

ஆண்டியப்பன் முன்பு குசினியில் கூடமாட இருந்தவன். ஒரு நத்தாருக்கு, துரைமாரின் கிறிஸ்துமஸுக்கு, கேக்கைக் கருக்கிவிட்டான். மறுநாளே தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கையில் கொடுத்து மலைக்கு விரட்டிவிட்டார்கள். வேறு தண்டனை கிடையாது. அவன் அதற்காக அழுதான். பூரணிக்கோ அது கும்பிட்டாலும் கிடைக்காத வரம்.

"நீயுங் கருக்கு" என்றான் அழகுமுத்து.

கருக்குவது சொல்லச் சுலபம். அவள் முயற்சி செய்து பார்க்காதவளா? தீயும் வாசம் மூக்கில் ஏறியவுடனே கை தன்னாலே போய்த் தட்டை வெளியே இழுத்துவிடும். அதுவுமல்லாமல் முட்டையும் வெண்ணெயும் வெள்ளை மாவும் கரியாகிப் போவதை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது? லயத்துப் பிள்ளைகள் வருஷத்தில் எத்தனை நாள் இதைக் கண்ணால் பார்க்கிறார்கள்?

வேறொரு வழி இருந்தது. அன்று இரவு படுக்கையில் அதை நினைத்தவுடனே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கருக்க வேண்டாம், நமுக்க வைத்தால் போதும். சத்தம் வராத பிஸ்கட்டைத் துரைசாணி மேசையில் வைக்கமாட்டாள், குப்பையிலும் கொட்டமாட்டாள். மேசைக்கு ஆகாதது எதுவானாலும் ஒரு கூடையில் போட்டு லயத்துக்கு அனுப்பிவிடுவது பங்களா வழக்கம். அப்படியானால் பின்னாலேயே பூரணியும் போவாள், முன்னாலே பேச்சிக்குப் பிஸ்கட்டும் போகும். இவ்வளவு நல்ல யோசனை தனக்கு எப்படி வந்ததென்று அவளுக்கே ஆச்சரியம்.

அந்த வருஷம் நத்தாருக்குத் துரையின் தாயார் சீமையிலிருந்து கப்பலில் வந்திருந்தாள். பெரிய துரைசாணி என்று எல்லோரும் சொன்னார்கள். பல் கட்டிக்கொண்ட கிழவி. கட்டிய பல் கடல் காற்றுக்கோ மலைக் குளிருக்கோ ஈறைக் கடித்ததால், அதைக் கண்ணாடித் தம்ளரில் போட்டுவிட்டுப் பாலில் ஊறிய ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். பங்களாச் சாப்பாட்டில் ஒன்றுமே பிடிக்காமல், அடுத்த கப்பலுக்கே திரும்பிவிடுவதாகத் தினமும் முணுமுணுத்தாள். அவளுக்கு அந்த ரொட்டியை ஊறவைத்துக் கொடுத்ததே பூரணிதான். ஆனாலும் அந்த வாயை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

கிழவி கொண்டுவந்த பெட்டியில் ஒரு டின் சாக்லேட்டும், ஒரு பை நிறையக் கொட்டைகளும் இருந்தன. பார்வைக்குக் கொட்டைப்பாக்கு. ஹேசல் கொட்டை என்றாள் துரைசாணி. "நட்சத்திரம், மணி, மரம். மேலே சாக்லேட், இந்தக் கொட்டை. நல்லா போடு" என்று உத்தரவாயிற்று.

நத்தாருக்கு முந்திய நாள் காலையில் பூரணி தன் வேலையைக் கெடுக்க உட்கார்ந்தாள். வெண்ணெயும் சீனியும் குழைத்தாள். ஒரு முட்டை போதும் என்ற இடத்தில் இரண்டை உடைத்தாள். அதோடு நிற்காமல் எருமைத் தயிர் இரண்டு கரண்டி, ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா. மாவைக் காகிதம்போலத் தேய்க்க வேண்டியவள் விரல் கனத்துக்கு விட்டாள். பேக்டரிப் பட்டறையில் தேயிலைப் பெட்டித் தகரத்தை வளைத்துச் செய்துகொடுத்த அச்சுகளை மாவில் தோய்த்துத் தோய்த்து அழுத்தினாள். நட்சத்திரங்கள் ஐந்து முனையும் பிசகாமல் எழுந்து வந்தன. போறணைக்குள் கையை விட்டுச் சூடு பார்த்துத் தட்டைத் தள்ளினாள். ஓரம் சிவக்கும் முன்னாலே, வெளுத்த முகத்தோடு இருக்கும்போதே வெளியே எடுத்தாள். எடுத்ததும் சூட்டோடு ஈரத்துணி போட்டு மூடினாள். இனி எந்தத் தெய்வம் வந்தாலும் இதைப் படக்கென்று ஒடிக்க முடியாது.

ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து ஒடித்துப் பார்த்தாள். சத்தமே இல்லை, இரண்டாகப் பிய்ந்தது. சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை காலத்துக்குப் பிறகு அந்தக் குசினியில் அவள் சிரித்தாள்!

பூச்சையும் கெடுத்திருக்கலாம். கொட்டையை உடைத்து அப்படியே தூவிவிட்டு வந்திருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் இந்தப் பிஸ்கட் போகப்போவது பேச்சியின் வாய்க்கல்லவா? அம்மா கையால் முதன்முதலாக ஒரு நல்ல பண்டம். கொட்டையை வறுத்துத் துணியில் போட்டுத் தேய்த்துத் தோலை ஊதினாள். அம்மியில் வைத்து, எண்ணெய் விட்டுப் பசையாகும் மட்டும் தோள் வலிக்க அரைத்தாள். வெந்நீரின்மேல் கிண்ணம் வைத்துச் சாக்லேட்டை உருக்கி, பசையைச் சேர்த்து, வெண்ணெயும் கொஞ்சம் பாலும் விட்டு, கரண்டியிலிருந்து நாடாவாக ஒழுகும் பதத்தில் இறக்கினாள். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் முனை வரைக்கும் ஊற்றித் தடவினாள். ஆறியதும் அது எண்ணெய் வைத்து வாரிய தலைபோல மினுங்கியது. அழகாகத்தான் இருந்தது. சரி, அழகாக இருக்கட்டும், உள்ளே நமுத்துக் கிடக்கிறதே.

சாயங்காலத் தேத்தண்ணிக்குத் தட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். துரைசாணி ஒரு மணியை எடுத்துக் காதோரம் கொண்டுபோனாள். ஒடித்தாள். சத்தமில்லை. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் மெத்தென்று வளைந்து பிய்ந்தது. துரைசாணியின் முகம் இருண்டது.

"பூரணி! என்ன இது? கெட்டுப்போச்சு!"

பூரணிக்கு நெஞ்சு குதித்தது. 'திட்டு தாயே, இன்னும் நல்லாத் திட்டு' என்று மனதுக்குள் கும்பிட்டாள். கூடை எடுத்துவரப் பாதி திரும்பியும்விட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய துரைசாணி ஒரு நட்சத்திரத்தை எடுத்து ஈறுகளுக்கிடையில் வைத்தாள். மென்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். வந்ததிலிருந்து கடுகடுத்துக் கிடந்த அந்தக் கிழ முகம் மெல்ல இளகியது. ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்று, அதையும் தின்றுவிட்டு ஒரு மரம். வாயோரம் சாக்லேட் ஒட்டியிருக்க, மகனைப் பார்த்து இங்கிலீஷில் என்னவோ சொல்லிச் சிறுபிள்ளைபோலச் சிரித்தாள். துரை எழுந்து நின்றே விட்டார். துரைசாணி கிழவியைப் பார்த்தாள், கையிலிருந்த பிய்ந்த மணியைப் பார்த்தாள், ஒரு கடி கடித்தாள். பிறகு ஓடிவந்து பூரணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

பூரணிக்கு உலகமே இருட்டிக்கொண்டு வந்தது. வெட்கத்தை விட்டு உண்மையைச் சொல்லிவிட்டாள். "இல்லீங்க தொரசாணி, நான் வேணும்னே கெடுத்தேங்க. தயிர ஊத்தி, வேகவிடாம எடுத்து, ஈரத்துணி போட்டுக் கெடுத்தேங்க. என்னைய மலைக்கு அனுப்பிருங்க."

துரைசாணி விழுந்து விழுந்து சிரித்தாள். "கெட்டுப்போச்சு! நல்லா கெட்டுப்போச்சு! எல்லா நாளும் இப்படி கெட்டுப்போ!" என்றாள். மேசைக்குத் திரும்பி அதை இங்கிலீஷில் சொன்னாள், அவர்களும் சிரித்தார்கள். அடக்கமான பெண் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

துரை தமிழ் நன்றாகப் பேசுவார். அவர்தான் மீதியைச் சொன்னார். "பெரிய தொரசாணி இப்பப் போகமாட்டாங்க, இங்கயே இருப்பாங்க. பக்கத்துத் தோட்டத்துத் தொரமாரையெல்லாம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தேத்தண்ணிக்குக் கூப்புடப் போறாங்க. இந்தப் பிஸ்கட்தான் வேணுமாம். ஞாயித்துக்கிழமை நீ லயத்துக்குப் போக வேணாம், பூரணி."

குசினிக்குத் திரும்பி வந்து அம்மியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். அழக்கூட வரவில்லை. கெடுக்கக்கூடத் துப்பில்லாத கை என்று தன் கையைத்தான் திட்டினாள்.

நத்தார் காலையில் லயத்துச் சனமெல்லாம் தப்படித்துக்கொண்டு, மாலையும் எலுமிச்சம்பழமுமாகத் துரைக்குச் சலாம் சொல்லப் பங்களா வாசலுக்கு ஏறிவந்தார்கள். வருஷாவருஷம் நடப்பதுதான். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார்கள். இந்தத் தடவை துரைசாணி பூரணிக்கு ஒரு மரியாதை செய்தாள். வெள்ளை ஏப்ரன் கட்டிவிட்டு, பிஸ்கட் தட்டை அவள் கையிலேயே கொடுத்துப் படியில் நிற்கவைத்தாள்.

பிள்ளைகள் வரிசையாக வந்தன. நெஞ்சில் கை வைத்துக் குனிந்து சலாம் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போயின. பேச்சியின் முறை வந்தது. தலைவாரி, பவுடர் போட்டு, ராசம்மா அழகாகத்தான் கூட்டிவந்திருந்தாள். பிள்ளை வெள்ளை ஏப்ரனை அண்ணாந்து பார்த்தது. மற்றப் பிள்ளைகளைப் போலவே நெஞ்சில் கை வைத்து, குனிந்து, பெற்றவளுக்குச் சலாம் போட்டது.

பூரணி படியிலேயே மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டாள். தட்டில் கிடந்ததிலேயே பெரிய நட்சத்திரமாக எடுத்து நீட்டினாள். பேச்சி ஒரு முனையைக் கடித்தது. கண் விரிந்தது. இன்னொரு முனையைக் கடித்தது. உதடெல்லாம் சாக்லேட்.

"மெத்துனு இருக்கு" என்றது. "யாரு செஞ்சா?"

"அம்மாதான் செஞ்சேன்."

பேச்சி அவளை உற்றுப் பார்த்தது. பிறகு, இத்தனை நாளில் இல்லாத அதிசயமாக, தானே ஒரு படி ஏறிவந்து, பிசுபிசுத்த கையை அவள் தோளில் வைத்துக்கொண்டது. காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து, வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டது.

"யம்மா, ஞாயித்துக்கெழம வாறப்ப இதுல இன்னொண்ணு கொண்டாறியா? நான் பீலிக்கரைலயே நிக்கிறேன்."

பின்னாலிருந்து துரைசாணி, "பூரணி, சீக்கிரம், மத்த பிள்ளை நிக்குது" என்றாள்.

"கொண்டாறேன்டா கண்ணு" என்றாள் பூரணி.