மறைக்காமல் விட்ட முகவரி

பழைய சோபாக்களுக்கு உறை மாற்றித் தருவது அவள் தொழில். கணவனின் அடி உதைக்குப் பயந்து, மகளோடு சொல்லாமல் கொள்ளாமல் இந்த ஊருக்கு வந்தவள். வேலை சுத்தம் என்று பெயரெடுத்துவிட்டாள். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும், "உங்க வெப்சைட் என்ன?" என்றே கேட்டார்கள்.

ஊரின் மறுகோடியில் இருக்கும் தங்கை போனில் எச்சரித்தாள். "சைட்டுக்கு இலவசமா இடம் கொடுக்குற ஹோஸ்டிங் பக்கம் போயிடாதக்கா. உன் சோபா படத்துக்கு மேல எவன் விளம்பரத்தையாவது ஒட்டிடுவான்."

ஒவ்வொரு ஹோஸ்டிங் கம்பெனியின் பக்கமாகத் திறந்து படித்தாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடைசியில், போன் செய்தால் மனுஷக் குரல் கேட்கும் ஒரு கம்பெனியைப் பிடித்தாள். தளத்துக்குப் பெயர் பதியும்போது வீட்டு முகவரி கேட்டது, மூன்றாவது மாடி என்பதுவரை எழுதிக் கொடுத்தாள். 'விவரங்களை மறைக்கவா?' என்றும் கேட்டது. தளத்தில்தான் முகவரியைப் போடப்போவதில்லையே, இதற்கு வேறு தனிக் கட்டணமா என்று விட்டுவிட்டாள்.

அவள் பெயரோடு தளம் எழுந்து நின்றபோது மகள் கைதட்டினாள். பல் மருத்துவர் ஒருவர், காத்திருப்பு அறை நாற்காலிகள் மொத்தத்தையும் அவளிடம் ஒப்படைத்தார். அந்த வேலை முடியுமுன்னே தளத்தின் வழியாக ஒரு செய்தி வந்தது.

'மகாராணிக்கு மூணாவது மாடி வசதியா இருக்கா?'

அவளை அப்படி நக்கலாகக் கூப்பிடுகிறவன் உலகத்தில் ஒருவன்தான். உடனே ஹோஸ்டிங் கம்பெனியை அழைத்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"என் வீட்டு முகவரி எப்படிம்மா வெளியில போச்சு? நான் சைட்ல போடவே இல்லையே!"

"பேர் பதிஞ்சப்போ கொடுத்தது, யார் வேணா பாக்கக்கூடிய பொதுப் பதிவுல தெரியும் மேடம். மறைக்கிற வசதியை நீங்க எடுக்கல."

"இப்பவே மறைச்சிடுங்க."

"மறைச்சுட்டேன். ஆனா ஏற்கெனவே பாத்தவங்க பாத்ததுதான்." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "பிரச்சினைன்னா அந்த மெசேஜை அழிச்சிடாதீங்க. போலீஸுக்கு அதான் சாட்சி."

தைத்துக்கொண்டிருந்த நாற்காலியை அப்படியே போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடினாள். மகளை அழைத்துக்கொண்டு நேராகக் காவல் நிலையம், அங்கிருந்து, அவனுக்கு முகவரி தெரியாத தங்கை வீடு.

மறுநாள் கீழ் வீட்டுக்காரர் போன் செய்தார். யாரோ ஒருவன் வந்து கதவைப் போட்டு உலுக்கினானாம். இவர் போலீஸைக் கூப்பிடவும் ஓடிவிட்டானாம்.

"சைட்டை மூடித் தொலைச்சிடுக்கா," என்று தங்கை அழுதாள்.

"வீட்டை மாத்துறேன். அதை மூட மாட்டேன்டி. மூடினா சோறு எங்கிருந்து வரும்?"

போலீஸ் அவனைப் பிடித்து எச்சரித்து அனுப்பியது. எச்சரிக்கைக்கெல்லாம் அடங்குகிற ஆள் அல்ல அவன் என்பது அவளுக்குத் தெரியும். தங்கை தெருவிலேயே ஒரு வீடு பார்த்துக் குடிபோனாள். யாரும் வீடு தேடி வர வேண்டாம், சோபாக்களைத் தானே போய் வண்டியில் எடுத்துவருவதாகத் தளத்தில் எழுதினாள். வேலை குறையவில்லை. ஆனால் புதுச் செய்தி வந்தால் அவள் திறப்பதில்லை. போனைத் தங்கையிடம் நீட்டிவிட்டு, தங்கை படித்து முடிக்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.