வெள்ளையடித்த ஏரி

வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து ஷோபனா டீச்சருக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது. எல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவரால் வந்த வினை.

குமணன்சாவடிக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கு வருஷா வருஷம் இங்கிலாந்துப் பள்ளி ஒன்றிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். மூன்று நாள் சேவை, அப்புறம் நீலகிரியில் மலையேற்றம். சேவை என்றால் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது. அடித்துவிட்டுப் போவார்கள், ஐப்பசி மழை உரித்துப் போட்டுவிடும், அடுத்த கூட்டத்துக்குச் சுவர் தயார். எல்லோருக்கும் சௌகரியமான ஏற்பாடு. அதில் மண்ணைப் போட்டது ஷோபனாதான். போன வருஷம் மிஞ்சிய டப்பாக்களை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து, "வீணாத்தானே போகுது, சுவத்துல எதாவது வரைங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஸ்வாதி கோடு போட்டுக் கொடுக்க, மற்றவர்கள் வண்ணம் தீட்டினார்கள். கொரட்டூர் ஏரி, நாமக்கோழிகள், 'குளிக்காதீர்' பலகை, அந்தப் பலகைக்குக் கீழேயே குளிக்கும் பையன்கள். ஐயப்பன்தாங்கலிலிருந்து ஒரு பக்கம் சாய்ந்தபடி வரும் பஸ். பஸ் ஸ்டாப்பில் சாப்பாட்டுப் பையோடு ஒரு பெண். அது அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும் ஸ்வாதியின் அம்மா. தெருவில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"திங்கக்கிழமை வர்றாங்க டீச்சர். சுவத்துக்கு வெள்ளை அடிச்சு வைங்க" என்று வெள்ளிக்கிழமை மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் வந்து சொன்னார் ஹெட்மாஸ்டர் ரூபஸ்.

"வேற வேலை குடுக்கலாமே சார்."

"இன்னா வேலை குடுப்பீங்க? ஏணி ஏறக் கூடாதாம். கடப்பாரை தொடக் கூடாதாம். மலை மட்டும் ஏறுவாங்களாம்." அவருக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "பொம்பளப் பசங்களுக்கு டாய்லெட் யாரு கட்டிக் குடுத்தது? நீங்களே சொல்லுங்க."

கட்டிக் கொடுத்தது அந்த இங்கிலாந்துப் பள்ளிதான். டாய்லெட் வருவதற்கு முன்னால் பெரிய வகுப்புப் பெண்கள் நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல், பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். ஸ்வாதியிடம் சொல்லிவிடலாம் என்று எட்டாம் வகுப்பு வாசல் வரை போனாள். அந்தப் பெண் தலை நிமிர்ந்ததும், "சாக்பீஸ் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். மறுபடி போனாள். மறுபடியும் சாக்பீஸ்தான் வாயில் வந்தது.

சனிக்கிழமை பெயின்டர் யாரும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளே வாளியும் பிரஷ்ஷுமாக வந்து நின்றாள். ஏரி சுலபமாகப் போயிற்று. பஸ்ஸும் போயிற்று. சாப்பாட்டுப் பைக்காரி மட்டும் லேசில் மறையவில்லை; பூசப் பூச முகம் தெரிந்துகொண்டே இருந்தது. 'அடிப் பாவி, நீயா இதைச் செய்யறே' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டேதான் அடித்தும் முடித்தாள்.

திங்கட்கிழமை காலையில் மாலை, மரியாதை, சந்தனம், வரவேற்புப் பாட்டு எல்லாம் நடந்தது. ஸ்வாதி முன்வரிசையில் நின்று பாடினாள். சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. வெள்ளை ஒட்டியிருந்த ஷோபனாவின் நகங்களை மட்டும் ஒரு தடவை பார்த்தாள்.

வந்தவர்கள் நல்ல பிள்ளைகள்தான். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. செம்பட்டை முடிக்காரி ஒருத்தி, ஓரமாக நின்ற ஸ்வாதியை அன்பாக அழைத்து, அவள் கையில் பிரஷ்ஷைக் கொடுத்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று விரல் விரலாக மடக்கிக் காட்டினாள். ஸ்வாதி கையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். ரூபஸ் ஓடி வந்து போட்டோ எடுத்தார்.

ஷோபனாவுக்குப் பொறுக்கவில்லை. "அவளுக்கு நீ சொல்லித் தர வேண்டாம். இந்தச் சுவர் முழுக்கப் படம் வரைந்தவள் அவள்தான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள்.

அந்தப் பெண் சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். வெறும் வெள்ளை. "எங்கே?" என்று கேட்டாள். கேலியாக இல்லை, நிஜமாகவே பார்க்க ஆசைப்பட்டுத்தான் கேட்டாள்.

ஸ்வாதி ஷோபனாவின் பக்கம் திரும்பினாள்.

"உள்ள கீதுன்னு சொல்லுங்க மிஸ். யாரு மூடுனாங்கன்னும் சொல்லுங்க."

வேண்டாம் என்று ரூபஸ் கண்ணைக் காட்டினார். ஷோபனா சொன்னாள். யார் மூடியது, யாருக்காக மூடியது, இரண்டையும் சொன்னாள். செம்பட்டை முடிக்காரி மெல்ல ஸ்வாதியின் கையை விட்டாள்.