நிறைந்த பேட்டரி

“பிரேக்குல கால வெச்சியா இல்லையான்னு மட்டும் கேட்டாய்ங்க. வெச்சேன்னு சொன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துச் சிரிச்சாய்ங்க புள்ள.”

“யாரு மச்சான்?”

“ஒங்க காலேசு சாருதான். கூட ஒரு கண்ணாடிக்காரன். பயத்துல ஆக்ஸிலேட்டர மிதிச்சிருப்ப, ஒனக்கே தெரிஞ்சிருக்காதுங்கிறான். பதினோரு வருசமா குமுளியில ஜீப் ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா?”

சுடலைமணி கட்டிலில் சாய்ந்திருந்தான். போர்வை இடப்பக்கம் முழங்கால்வரை மேடாக இருந்து, அதற்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. சிவசங்கரி அந்த இடத்தைப் பார்க்காமலிருக்க ஜன்னலைப் பார்த்தாள். வண்டன்மேட்டில் மூன்று நாளாக விடாத மழை. ஏலச்செடிகள் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது.

“சாமி கிளட்ச் காலத்தான் எடுத்துக்கிச்சு, பிரேக்குக் கால விட்டு வெச்சிருக்கு” என்று சிரித்தான் அவன். “அதத்தான் ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான். ஸ்டாண்டுல எனக்குப் பேரே வெச்சுட்டாய்ங்க தெரியுமா? மாத்தி மிதிச்ச மணி.”

அவளும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தான் போலிருந்தது. அவள் மடியிலிருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

சின்ன வயதில் குமுளியிலிருந்து கம்பத்துக்குப் பஸ்ஸில் இறங்கும்போதெல்லாம் முன்னால் போகும் லாரிகளின் பிரேக் கருகும் வாசனை வரும். மலையளவு வேகம் இப்படிப் புகையாகப் போகிறதே, யாரும் இதைப் பிடித்துவைக்க மாட்டார்களா என்று அவள் கனவு காண்பாள். பாலக்காட்டில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும்போது, கோயம்புத்தூரில் நடக்கும் மாணவர் பந்தயத்துக்காக அந்தக் கனவைக் காராகவே செய்தாள். பெட்ரோல் இன்ஜினோடு ஒரு மின்மோட்டாரும் இருந்த ஹைப்ரிட் கார் அது. பிரேக்கை மிதித்தால் முதலில் மோட்டார்தான் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். அடங்கும் வேகம் மின்சாரமாகிப் பேட்டரிக்குள் போகும். வளைவு தாண்டியதும் அதே மின்சாரம் காரை முன்னால் தள்ளும். மோட்டாரை நம்பி, எடையைக் குறைக்கச் சக்கரங்களின் சாதாரணப் பிரேக்கை அவர்கள் சின்னதாக்கியிருந்தார்கள்.

செங்குத்தான இறக்கத்தில் சோதித்துப் பார்க்க எஸ்டேட் ரோட்டுக்கு அனுமதி வாங்கியது அவள். மலையிறக்கம் பழகிய கை வேண்டுமென்று மாமா மகன் சுடலைமணியை அழைத்ததும் அவள்தான்.

விபத்து நடந்த அன்று காலை பேட்டரியை அறுபது சதவீதத்தில் நிறுத்தி, சார்ஜ் வயரைப் பிடுங்கிவிட்டுக் குளிக்கப் போனாள். மலையிறங்கும்போது வரும் மின்சாரத்துக்கு உள்ளே இடம் வேண்டுமே. ஆனால் மழைக்காலத்தில் அம்மா குடியிருந்த எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் கரண்ட் வருவதே அபூர்வம். வந்துவிட்டால் போன், எமர்ஜென்சி லைட், டார்ச் என்று எல்லாவற்றையும் ஓடி ஓடிச் சார்ஜில் குத்திவைப்பார்கள். ஒன்று சும்மா கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரி வந்தாவது குத்திவிட்டுப் போவாள்.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா ராமலட்சுமி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “பிள்ளைக வண்டி பாதி வழியில நின்னுரக் கூடாதேன்னு கரண்ட் வந்ததும் நானே குத்தி வெச்சேன்த்தா. ரொப்பித்தானே அனுப்புனேன். அப்படியும் இப்படி ஆயிருச்சே.”

சிவசங்கரி அம்மாவின் தோளைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

மறுநாள் காரில் பதிவாகியிருந்ததை லேப்டாப்பில் திறந்து பார்த்தாள். கார் கிளம்பியபோது பேட்டரி நூறு. முதல் வளைவில் மச்சானின் கால் பிரேக்கில் இருந்திருக்கிறது. அழுத்தமாக, கடைசிவரை இருந்திருக்கிறது. நிறைந்த பேட்டரி இனி வாங்க மாட்டேன் என்று மறுத்துவிட்டது, மோட்டார் கையை விட்டுவிட்டது. அந்தச் சின்னப் பிரேக்கால் தனியாக நிறுத்த முடியவில்லை. கிளம்பும் முன் அவள் காரின் பேட்டரித் திரையைப் பார்த்திருந்தால் போதும். தூறலுக்காக அதன்மேல் பிளாஸ்டிக் காகிதம் ஒட்டியிருந்தவளும் அவளே. தூக்கிப் பார்க்கவில்லை. நூறு எப்படி வந்தது என்று காலேஜில் கேட்பார்கள், அம்மாவைச் சொல்ல வேண்டிவரும். அதனால் மூன்று வாரமாக அந்தப் பதிவை யாரிடமும் காட்டவில்லை. கேட்டபோது அழிந்துவிட்டது என்றாள்.

இப்போது அவள் பையில் காலேஜ் அறிக்கை இருந்தது. விபத்துக்குக் காரணம்: ஓட்டுநரின் தவறு. கீழே, அணித்தலைவி என்று அவள் கையெழுத்துப் போட ஒரு கோடு.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ராமலட்சுமி கஞ்சியோடு வந்தாள். “என்னய்யா, சூடா இருக்கும்போதே குடி. இவ வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கா? வந்ததுலருந்து பேசவே காணோம்.”

“ஒங்க மகள்ட்டதான் அத்தே ஒன்னு கேக்கணும்னு இருக்கேன்.”

“என்ன கேக்கணும்?”

சுடலைமணி கஞ்சியை வாங்கவில்லை. சிரிப்பு முகத்திலிருந்து போயிருந்தது.

“வேற ஒன்னும் வேணாம் புள்ள. இனிமே நான் வண்டி ஓட்டப் போறதில்ல, அது எனக்கே தெரியும். ஆனா ராத்திரியும் பகலும் அந்த வளைவையே மிதிச்சுக்கிட்டு இருக்கேன். சில நேரம் எனக்கே சந்தேகமா வருது, அவனுக சொல்றது நெசமோன்னு.”

ராமலட்சுமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தன் கையை அவன் தோள்மேல் வைத்தாள். “சொல்லேன்டி சங்கரி. வண்டியச் செஞ்சவ நீ. ஒனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?”

சிவசங்கரி பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“என் காலு பிரேக்குலதான் இருந்துச்சா? இருந்துச்சுன்னா வண்டி ஏன் நிக்கல? அத்தைக்கு முன்னாலயே சொல்லிரு புள்ள.”