கடைசிப் படியில் மறந்துபோகும் கம்பெனி

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நடந்த அந்தக் கம்பெனி என்ன தொழில் செய்கிறது என்று யாரிடம் சொன்னாலும், மாடிப்படியின் கடைசிப் படியில் கால் வைத்ததும் அவருக்கு அது மறந்துபோகும். தொழில் ஒன்றும் ரகசியமில்லை. பல்செட் செய்யும் பட்டறைகளுக்கு ஒரு மென்பொருள். வாயின் அச்சைக் கணினியில் ஏற்றினால், மேல்வரிசையும் கீழ்வரிசையும் எங்கே இடிக்கும், பேசும்போது எந்தச் சந்தில் விசிலடிக்கும் என்பதையெல்லாம் அது சொல்லிவிடும். உலகத்தில் பல்செட் செய்கிறவர்கள் அத்தனை பேரும் அதைத்தான் வாங்கினார்கள். அவர்களுக்கு மட்டும் மறக்கவில்லை. போட்டிக் கம்பெனி தொடங்க வேவு பார்க்க வந்தவர்கள், எதற்கு வந்தோம் என்று தலையைச் சொறிந்துவிட்டு, கீழே சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு போனார்கள். லாபம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வரி அதிகாரியும் வந்த வேலையை மறந்து திரும்பிவிடுவதால், முதலாளியம்மாவே வருஷா வருஷம் அவருடைய அலுவலகத்துக்குப் போய், "ஐயா, தயவுபண்ணி வாங்கிக்கங்க" என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

மென்பொருளை எழுதியவன் முதலாளியம்மாவின் தம்பி. நல்ல பிள்ளை, வாய் பேசாதவன், அடுத்தவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பவன். எதிர்வரிசையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த பெண்ணிடம் கண்ணாடி மாற்றப் போய் மனசையும் கொடுத்துவிட்டு வந்தான். அவளுக்கும் அவன் வேலை தினமும் மறந்தது. அதனால் என்ன, தினமும் கேட்டாள், தினமும் "அட, அப்படியா!" என்று வாயைப் பிளந்தாள். கட்டிய பெண்டாட்டிகூட இப்படி ஆர்வமாகக் கேட்கமாட்டாள் என்று சைக்கிள் கடைக்காரர் பெருமூச்சு விட்டார். தடங்கல் அவளுடைய அப்பாதான். அவர் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. தான் திறந்து பார்த்த ஒரு பெட்டியைக்கூட மறந்ததில்லை என்று மார்தட்டுகிறவர். பையனைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை. "ஆனா நாலு பேர் கேட்டா மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறார்னு நான் சொல்லணுமா வேண்டாமா?" என்றார். நியாயமான கேள்விதான்.

மாடியேறி வந்தார். கேட்டார். பிரமாதம் என்று பையன் முதுகில் தட்டினார். வீட்டுக்குப் போனதும் மனைவி விசாரிக்க, "ஏதோ உக்காந்து பாக்குற வேலை" என்றார். மறுபடி வந்தார், மறுபடி மறந்தார். ஒருமுறை உள்ளங்கையில் "பல்" என்று எழுதிக்கொண்டு இறங்கினார். மனைவி வாங்கிவரச் சொன்ன சாமானாக்கும் என்று நினைத்து வழியில் பற்பசை வாங்கிப் போனார். அந்த வீட்டு அலமாரியில் இன்றைக்கும் பற்பசைக்குப் பஞ்சமில்லை. இதற்கிடையில் பாங்கில் வேலை பார்க்கும் ஒரு வரன் வந்தது. பாங்க் என்றால் பாங்க், யாருக்கும் மறக்காது. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வாக்குக் கொடுக்கப்போவதாக அப்பா சொல்லிவிட்டார். கண்ணாடிக் கடைப் பெண் கடையிலிருந்த கண்ணாடி எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்து அழுதாள்.

சனிக்கிழமை காலை கடைசித் தடவையாக அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அங்கேதான் விபரீதம் நடந்தது. அந்த அலுவலகத்தில் ஒரே மாதிரி இரண்டு பிஸ்கட் டப்பாக்கள் இருந்தன. ஒன்று மனிதர்களுக்கு. இன்னொன்று, புதுப் பல்வரிசையை இயந்திரத் தாடையில் மாட்டிக் கடிக்கவிட்டுப் பார்ப்பதற்காகச் செங்கல் பதத்தில் சுட்டு வாங்கியது. பதற்றத்தில் முதலாளியம்மா இரண்டாவது டப்பாவை நீட்டிவிட்டார். கொடுத்ததை மிச்சம் வைக்கிற பழக்கம் சுங்க அதிகாரிக்கு இல்லை. கடித்தார். டயர்தான் வெடித்துவிட்டது என்று கீழே சைக்கிள் கடைக்காரர் வெளியே ஓடிவந்தார். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த மேல்வரிசை மொத்தமும் பிஸ்கட்டோடு வந்துவிட்டது. அவர் அரைமணி நேரம் திட்டினார்; பல்லில்லாததால் ஒரு வார்த்தையும் யாருக்கும் புரியவில்லை, அது ஒரு நல்லகாலம்.

"போச்சுடா, எல்லாம் என்னாலதான்," என்று முதலாளியம்மா தலையில் அடித்துக்கொண்டார். தம்பி அவர் வாயின் அச்சை எடுத்தான். இந்த வாய்தான் நாளைக்கு வேறொருவனுக்கு வாக்குக் கொடுக்கப்போகிறது என்று தெரிந்தே, அதுவரை போடாத கணக்கெல்லாம் போட்டு, ஒரு சந்து விடாமல் சரிபார்த்தான். தெருமுனைப் பட்டறைக்காரர் சாயங்காலமே செய்துகொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மாடியேறி வந்து பல்லை மாட்டிக்கொண்டார், கண்ணாடியில் இளித்துப் பார்த்தார், நன்றி சொல்லாமல் இறங்கினார். எதிர்க்கடை வாசலில் மகள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கடைசிப் படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு தெருவே கேட்கும்படி, ஒரு விசில்கூட இல்லாமல், "பல்செட் செய்யுற பட்டறைக்கெல்லாம் மென்பொருள்!" என்று கத்தினார். திரும்பி மேலே பார்த்து, "மாப்பிள்ளை! மேல நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க? கீழ வாங்க, வீட்டுல எல்லாருக்கும் சொல்லணும்" என்றார். தம்பி இறங்கினானா விழுந்தானா என்பதில் சைக்கிள் கடைக்காரருக்கு இன்னும் சந்தேகம் உண்டு. அந்தக் கம்பெனி மென்பொருளின் கணக்குப்படி செய்த பல்லை மாட்டியவர்களுக்குக் கம்பெனியின் தொழில் மறக்காது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இதை எழுதுகிறவனுக்கு எப்படி நினைவிருக்கிறது என்று கேட்காதீர்கள். நமக்கும் வயசாகிறது.

கல்யாணம் நடந்தது. தம்பதி மாமனார் வீட்டு மாடியிலேயே குடியேறினார்கள். ராத்திரி பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட்டதும் மாமனாருக்கு மறந்துபோகும். "இவன் என்ன வேலைடி பாக்குறான்? யாரைக் கேட்டு இவனுக்குப் பொண்ணு குடுத்தோம்?" என்று மனைவியிடம் பொக்கைவாயோடு எரிந்து விழுவார். "காலைல பேசிக்கலாம், படுங்க," என்று அந்த அம்மா விளக்கை அணைத்துவிடுவார். விடிந்ததும் பல்லை மாட்டிக்கொண்டு, மாடிப்படியைப் பார்த்து முகமெல்லாம் மலர, "வாங்க மாப்பிள்ளை, வாங்க, உக்காருங்க!" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். மற்ற வீடுகளில் புதுமாப்பிள்ளை மரியாதை ஒரு மாசம் தாங்கினாலே பெரிசு. இந்த வீட்டில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசாகியும் அது தினமும் காலையில் நடக்கிறது.