கலங்கலில் நீர் செல்கிறது

அணை என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நானூறு அடி நீளத்துக்கு ஒரு மண் கரை, அவ்வளவுதான். பயிருக்குத் தண்ணீர் தருவதற்காகக் கட்டியதுகூட இல்லை. மலையிலிருந்து ஒரே மூச்சில் இறங்கும் மழைநீரைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுவதுதான் அதன் வேலை. நாற்பது வருடமாகக் கீழ்த்தெருக்களுக்குள் வெள்ளம் நுழையவில்லை. நுழையாததால் அப்படி ஓர் அணை இருப்பதையே ஊர் மறந்துவிட்டது. வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்ன பழமொழிக்காரர்கள், போட்ட அணையை அப்புறம் யார் பார்ப்பது என்று சொல்லாமல் போய்விட்டார்கள்.

பார்த்துக்கொண்டது ஒரே ஓர் ஆள், கரைக் காவலாளி. ஆபீசில் அவருக்கு 'உடனே' என்று பெயர். கரையில் ஆடு ஏறினாலும், எலி வளை தோண்டினாலும், ஒரு செடி கூடுதலாக முளைத்தாலும் போன் செய்து, "ஐயாகிட்ட உடனே சொல்லிடுங்க மேடம்" என்பார். இன்ஜினியர் கேட்டுச் சிரிப்பார். "'உடனே' போன் பண்ணியாச்சா இன்னைக்கு?" என்று தினமும் விசாரிப்பார். அந்தப் போனை எடுக்கிறவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

அவளைப் போன்காரம்மா என்பார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த ஆபீசில் உட்கார்ந்து, ஒன்பது சிறு அணைகளிலிருந்து காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நாலு என்று மூன்று வேளையும் வரும் போனை எடுத்து, சொன்னதை ரிஜிஸ்டரில் எழுதுவது அவள் உத்தியோகம். பதினாறு வருடமாக அதைத்தான் செய்கிறாள். நீர்மட்டத்துக்கு ஒரு கட்டம், கசிவுக்கு ஒரு கட்டம், கலங்கலுக்கு ஒரு கட்டம், அதை ஒட்டி ஆழத்துக்கு ஒரு சின்னக் கட்டம். கலங்கல் என்பது கரையின் ஓரத்தில் கல் வைத்துத் தாழ்வாகக் கட்டிய வழி. அணை நிரம்பினால் உபரித் தண்ணீர் அதன் மேல் வழிந்து பத்திரமாக ஓடைக்குப் போய்விடும். வழிந்தால் எத்தனை சென்டிமீட்டர் என்று ஆழத்தை எழுத வேண்டும்.

கசிவு வேறு விஷயம். மண் கரை என்றால் அடியில் எந்நேரமும் கொஞ்சம் தண்ணீர் கசியத்தான் செய்யும். காவலாளிதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். "தெளிஞ்சு வந்தா கரைக்கு வேர்க்குதுன்னு அர்த்தம் மேடம். மண்ணோட வந்தா கரையே கரையுதுன்னு அர்த்தம்." உள்ளே தண்ணீர் துளை போட்டு மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்றால், சில மணி நேரம்தான் கெடு. பதினாறு வருடமாக அந்தக் கட்டத்தில் அவள் 'தெளிவு' என்பதைத் தவிர வேறு எதையும் எழுதியதில்லை.

மழை தொடங்கி மூன்றாம் நாள். பகல் பன்னிரண்டு மணிக்குக் காவலாளி, "கலங்கலைத் தொட இன்னும் நாலு விரக்கடைதான் மேடம்" என்றார். அவள் நிம்மதியாகக் காத்திருந்தாள். கலங்கல் போகத் தொடங்கிவிட்டால் அணை தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். அவளுக்கு அதில் ஒரு சொந்த அக்கறையும் இருந்தது. அவளுடைய ஒரே தங்கை, அந்த அணைக்கு நேர் கீழே இருந்த தெருவில் புருஷனோடும் ஆறு வயது மகளோடும் குடியிருந்தாள்.

ஒரு மணிக்கு மறுபடியும் போன் அடித்தது. தகரக் கூரை மேல் மழை கொட்டுகிற சத்தத்துக்கு நடுவே காவலாளியின் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"மேடம், கலங்கல்ல போகுது. தண்ணி…"

"போகட்டும்ணே. அதுக்குத்தானே கட்டி வச்சிருக்கு."

"போகட்டுமா?"

"பின்ன? எத்தனை சென்டிமீட்டர்ணே?"

அது அவருக்குக் கேட்டதோ இல்லையோ. "ஐயாகிட்ட உடனே சொல்லிடுங்க மேடம்" என்பது மட்டும் தெளிவாக வந்தது. "சொல்லிடுறேன்" என்றாள். லைன் போய்விட்டது. திருப்பி அடித்தாள், கிடைக்கவில்லை. 'கலங்கலில் நீர் செல்கிறது' என்று எழுதினாள். ஆழக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டாள்.

வேறோர் அணைக்குப் போயிருந்த இன்ஜினியருக்குத் தகவல் சொன்னாள். "எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார். லைன் கட்டாகிவிட்டது என்றாள். "சரி, நாலு மணிக்குக் கேட்டு எழுதிக்குங்க" என்றார். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது.

இரண்டு மணிக்குத் தங்கை கூப்பிட்டாள். "அக்கா, தெருவுல பாதிப் பேரு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போறாங்க. நாங்களும் போகவா? இவருக்கு வேற ரெண்டு நாளா காய்ச்சல்."

"கலங்கல்ல தண்ணி போக ஆரம்பிச்சாச்சுடி. இனிமே ஒரு பயமும் இல்ல. காய்ச்சக்காரரைக் கொண்டுபோய் மழையில நனைய விடாத. பேசாம வீட்டுல இருங்க."

"நிஜமாவா?"

"நான் ஆபீஸ்ல உக்காந்துட்டு உனக்குப் பொய்யா சொல்லப்போறேன்?"

உள்விவரம் தெரிந்தவள் என்ற பெருமை அந்தக் குரலில் இருந்தது. மறைப்பானேன், இருக்கத்தான் செய்தது. தங்கை அதை அப்படியே தெருவுக்குச் சொன்னாள். மூட்டை கட்டியவர்கள் சிலர் மூட்டையைப் பிரித்தார்கள்.

மூன்றே காலுக்குக் கரை நடுவில் உடைந்தது. தங்கை மகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மாடிப்படியில் ஏறிவிட்டாள். பின்னால் வந்த அவள் புருஷனால் படியை எட்ட முடியவில்லை. அந்தத் தெருவில் ஒன்பது பேர் போனார்கள். காவலாளியைச் சேர்த்தால் பத்து.

அவர் உடல் நான்காம் நாள்தான் கிடைத்தது. அதற்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. குடித்துவிட்டுத் தூங்கியிருப்பான், இல்லாவிட்டால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டானா என்றார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இங்கே வாயுள்ளவர் மண்ணுக்கு அடியில் கிடந்தார். அக்கா வீட்டில் வந்து தங்கிய தங்கை, சாப்பிட உட்காரும்போதெல்லாம் முகம் தெரியாத அந்தக் காவலாளியைச் சபித்தாள். போன்காரம்மாவும் அவளோடு சேர்ந்து அழுதாள். கலங்கலில் தண்ணீர் போன பிறகும் கரை எப்படி உடைந்தது என்று அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

பத்தாம் நாள் காவலாளியின் மனைவி ஆபீசுக்கு வந்தாள். கரை ஓரத்து மேட்டுக் குடியிருப்பில் இருந்ததால் அவள் பிழைத்திருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காராமல், போன் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"அவரு தூங்கலம்மா. ஒரு மணிக்கு வீட்டுக்கு ஓடிவந்து காலிச் சாக்கெல்லாம் எடுத்தாரு. என்னன்னு கேட்டேன். கரைக்கடியில தண்ணி கலங்கலாப் போகுது, ஆபீசுல சொல்லிட்டேன், போகட்டும்னாங்க, ஐயா வந்துடுவாரு, அது வரைக்கும் சாக்குல மண்ணக் கட்டிச் சுத்தி அடுக்கணும்னாரு. கீழ போய்ச் சொல்லட்டுமான்னேன். ஆபீசுலேர்ந்து சொல்லிருப்பாங்க, நீ சாக்கப் பிடின்னாரு. பதினாலு மூட்டை அடுக்கினோம். நான் இன்னும் சாக்கு எடுக்க வீட்டுக்கு வந்தேன்."

அவ்வளவு சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.

போன்காரம்மா ரிஜிஸ்டரைத் திறந்து அன்றைய வரியைப் பார்த்தாள். கலங்கலா. கலங்கல்ல. அவர் சேற்றுத் தண்ணீரைச் சொன்னார், இவள் கல் கட்டிய வழியைக் கேட்டாள். 'போகட்டுமா?' என்று அந்த மனிதர் கேட்டது வழக்கமான மூன்று வேளைப் பேச்சில் ஒன்றாக அவளுக்குப் பட்டிருந்தது. கரை கரைந்துபோகட்டும் என்று ஆபீஸ் சொல்கிறதா என்று அவர் கேட்டிருக்கிறார். இவள் 'பின்ன?' என்றாள்.

சற்று நேரத்தில் இன்ஜினியர் போன்காரம்மாவை அறைக்குக் கூப்பிட்டார். "நாளைக்கு விசாரணை. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்மா. ரிஜிஸ்டர் பேசும். அவர் சொன்னதை எழுதியிருக்கீங்க. தெளிவாச் சொல்லாதது அவர் தப்பு." கெட்ட மனிதர் இல்லை. அவளைக் காப்பாற்றத்தான் நினைத்தார், கூடவே தன்னையும்.

மறுநாள் விசாரணை அதிகாரி ரிஜிஸ்டரைப் புரட்டி, "இதுதானே அவர் சொன்னது?" என்று கேட்டார்.

"இல்லைங்க சார். அவர் கலங்கலான்னு சொன்னாரு. நான் கலங்கல்லன்னு எழுதிட்டேன்."

"லைன் சரியில்லைன்னு சொல்றீங்க. அப்புறம் எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"ஆழக் கட்டம் காலியா இருக்கு பாருங்க சார். கலங்கல்ல போனா அவர் முதல்ல ஆழத்தைத்தான் சொல்வாரு. பதினாறு வருஷத்துல ஒரு நாள்கூடச் சொல்லாம விட்டதில்ல. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் விட்டுட்டேன்."

இன்ஜினியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். இம்முறை அவள் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை பார்த்தாள்.

நாளைக்குப் பேப்பரில் வந்துவிடும். அதற்கு முன் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வந்தபோது தங்கை சமையலறையில் தரையில் உட்கார்ந்து, மகளின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். போன்காரம்மா எதிரே உட்கார்ந்து, ஒரு மணி போனையும் இரண்டு மணி போனையும் வரிசையாகச் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. நீ சபிக்க வேண்டியது அந்த மனிதரை இல்லை, என்னை என்றாள்.

தங்கை கத்துவாள், கையை ஓங்குவாள், மகளை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள் என்றெல்லாம் வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். எதற்கும் தயாராக இருந்தாள். தங்கை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஊசியைப் பத்திரமாகச் சட்டையின் ஓரத்தில் குத்தி வைத்தாள்.

"அன்னைக்கு மத்தியானம் அவருக்குக் காய்ச்சல் விட்டிருந்துச்சுக்கா" என்றாள். "சட்டை போட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு, புள்ளையைத் தோள்ல தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னாரு. நான்தான் போனை வச்சுட்டு, அக்காவே சொல்லிட்டா, போய்ப் படுங்கன்னேன்."